மூடிய பள்ளம்

விளிம்பு சரியாக வரவில்லை.

கட்டைவிரலால் அழுத்தினான். பசையில் ஊறிய டிஷ்யூ பேப்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. சனியன். இன்னொரு முறை அழுத்தினான்.

அடியில் ஒரு பழைய சிடி. அதன்மேல் வெட்டி ஒட்டிய ஃபோம். நடுவில் குடைந்த குழி. சுற்றிலும் மணலும், வெயிலில் காயவைத்த தேயிலைச் சக்கையும். காய்ந்ததும் பழுப்பு பெயின்ட். அவ்வளவுதான், குண்டு விழுந்த பள்ளம் தயார்.

சிடி எல்லாம் கல்யாண வீடியோவின் மிச்சப் பிரதிகள். சொந்தக்காரருக்குக் கொடுக்க அடித்தவை. ஒருவரும் கேட்கவில்லை. இப்போதாவது ஒரு வேலைக்கு உதவுகின்றன.

சனிக்கிழமை ஸ்கார்பரோவில், கிளப்பில் போட்டி. விரல் உயரச் சிப்பாய்கள், பகடை, அளவு நாடா, ஒரு மேசை நிறையப் போர்க்களம். இந்த முறை களம் அவன் பொறுப்பு. நல்ல களத்துக்குத் தனிப் பரிசு உண்டு. அது எப்போதும் வேறு யாருக்காவதுதான் போகும். அதில் அவனுக்குச் சரியான எரிச்சல்.

பள்ளத்துக்குள் நிற்கும் சிப்பாயை லேசில் சுட முடியாது. விளையாட்டின் விதி.

சமையலறை வாசலில் நிரோ நின்றாள். முதியோர் இல்ல வேலை முடிந்து வந்தவள், உடுப்புக்கூட மாற்றவில்லை.

வழக்கமாக மனைவி இந்தப் பக்கம் திரும்புவதில்லை. விசர் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். சொல்வதும் நியாயம்தான். இந்த வயதில் பொம்மை ஆமிக்குக் குழி வெட்டுகிறவனை வேறென்ன சொல்வது?

அவன் சின்ன வயதிலேயே கனடா வந்துவிட்டவன். பள்ளங்களை யூடியூபில் பார்த்துப் பழகினான்.

அவள் கடைசிச் சண்டை முடியும்வரை வன்னியில் இருந்தவள். அவளும் தம்பி கீர்த்தனும். வைத்தியத்துக்கு வவுனியா போன அம்மா திரும்பி வருவதற்குள் பாதை மூடிவிட்டது. முகாமுக்கு அவள் மட்டும் வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வவுனியாவிலிருந்து ஃபோனில் கேட்பார்.

"எங்க பிள்ளை அவனை வச்சனீ?"

தெரியாது, புதைத்ததை நான் பார்க்கவில்லை என்பாள். பிறகு இருவரும் சமையலைப் பற்றிப் பேசுவார்கள். கணவனுக்கும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள். அவனும் நம்பியிருந்தான்.

நிரோ மேசைக்கு வந்தாள்.

காய்ந்திருந்த பள்ளங்களில் சிறியதை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். மணல் டப்பாவைத் திறந்து அதற்குள் கொட்டினாள். விளிம்பு வரை.

என்ன செய்கிறாய் என்று கத்த வாயைத் திறந்தான்.

அவள் கையைப் பார்த்தான்.

உள்ளங்கையால் தட்டினாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள். மறுபடி தட்டினாள். நடுவில் லேசாக மேடு கட்டினாள். அந்த வேலை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தோண்ட நேரமில்லை. செல் விழுந்த குழியிலயே வச்சு மூடினனான்."

அவன் விரல்களில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியில்லை. வாய்க்கரிசியில்லை. குண்டு தோண்டிய குழி. அதை அம்மாவிடம் சொல்ல மனம் வராமல் இத்தனை வருஷம் தெரியாது என்றிருக்கிறாள்.

அவனுடைய பொம்மை மரங்களின் பெட்டியைக் கிளறினாள். ஊசியிலை மரங்கள், ஓக் மரங்கள். அவற்றை விட்டுவிட்டு, விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை முறித்து மணல் மேட்டின் ஓரத்தில் குத்தினாள்.

"வடலி," என்றாள்.

குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் மணலின் மேல் பசை விட்டு இறுக்கினான். பச்சைக் காகிதத்தை விசிறி விசிறியாக வெட்டி ஈர்க்கின் நுனியில் ஒட்டினான். இளம் பனை எப்படி இருக்கும் என்று யூடியூபில் பார்க்கவில்லை. அவளைக் கேட்டான்.

சனிக்கிழமை எதிரே விளையாடியவர் கிரெக். தபால்காரர், சட்டம் பேசுகிறவர். மேட்டைப் பார்த்துவிட்டு, இதில் ஏறி நிற்கலாமா என்று கேட்டார். முடியாது என்றான். விதிப் புத்தகத்தில் அப்படியொன்றும் இல்லையே என்றார். இந்த மேசையில் இருக்கிறது என்றான்.

கிரெக் அவன் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடி வைத்தார்.

கடைசிச் சுற்றில் அவனுடைய ஆட்கள் மேட்டின் மேல் குறுக்கே போயிருந்தால் ஜெயித்திருப்பார்கள். சுற்றிப் போனார்கள். சுற்றிப் போன வழியில் எல்லோரும் விழுந்தார்கள்.

களத்துக்கான பரிசும் வரவில்லை. நல்ல களம், ஒரு பள்ளம் மட்டும் அரைகுறை என்றார் நடுவர்.

எரிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நிரோ கதவடியில் நின்றாள். வென்றதா தோற்றதா என்று கேட்கவில்லை.

"ஒருத்தரும் அதில மிதிக்கேல்லைத்தானே?"

"இல்லை."

அவன் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்தாள். சமையலறை மேசையில் வைத்தாள். மடங்கியிருந்த ஓலையை நிமிர்த்திவிட்டாள்.

வவுனியாவில் இன்னும் விடிந்திருக்காது. ஃபோனை எடுத்தாள்.

நெடுநேரம் மணி அடித்தது.

"அம்மா," என்றாள். "பக்கத்தில ஒரு வடலி நிண்டது."