கதவு நிலையில் கடைசிக் கோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று வீட்டை அளந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தங்கை என் பக்கத்தில் இருந்தாள். அளவைக்காரர் தெருவில் தன் வண்டிக்குள் இருந்தார். உள்ளே முக்காலியில் சுழன்ற லேசர் கருவி ஓயும்வரை நாங்கள் எழவில்லை. சாலைக்காக வீட்டை இடிக்கும் முன் முப்பரிமாணப் பதிவு வேண்டுமாம்.

பிறகு மடிக்கணினியில் காட்டினார். சுவரும் சன்னலும் புள்ளி புள்ளியாக நின்றன. நம் குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவந்த கதவு நிலையில் ஓர் ஆளின் உருவம் சாய்ந்து நின்றது.

"யாரும்மா உள்ள போனது? ஈ பறந்தாக்கூட புள்ளியா விழும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சரி, ஆள் விழுந்தா அழிச்சிட்டுத்தான் ஆபீஸ்ல கொடுப்போம்."

"இருங்க சார். உயரம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் தங்கை.

உச்சியிலும் தரையிலும் சொடுக்கினார். நூற்றைம்பத்தொரு சென்டிமீட்டர்.

நிலையில் கடைசிக் கோடு நூற்றெட்டில் இருக்கிறது. ஐந்து வயதில் உங்கள் மகள் இறந்து பத்து வருடமாகிறது. நீங்களும் அதன்பின் இந்தப் பக்கம் வரவில்லை.

தங்கை அழவில்லை. "என்னைத் தாண்டிட்டா அண்ணா. அவங்கப்பா வாகு" என்றாள்.

அளவைக்காரர் அழிப்பதற்குள் அந்த உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டிக்கொண்டாள். அதை இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன். நின்றுகொண்டு பிரித்துப் பாருங்கள். தரையிலிருந்து பிடித்தால் உங்கள் தோளைத் தொடுமாம்.

உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.