குடும்பத் தலைவர் எண்

மார்பகப் பரிசோதனைக்குச் செயலி வந்த பிறகு, துனிஸ் நகரத்தில் பெண்கள் வருவது குறைந்துபோனது. செயலியை வடிவமைத்த ஹாதெம், காரணம் விசாரித்துவரத் தன்னிடம் வேலைபார்க்கும் ஓல்ஃபாவை அனுப்பினான். திரும்பி வந்தவள் சொன்னாள்:

“குடும்பத் தலைவர் நம்பருக்குத்தானே தகவல் அனுப்பறோம்? ஒருத்தியோட புருஷன் அதைப் பார்த்துட்டு அவர் அம்மாகிட்ட காட்டிட்டாராம். அவமானத்துல அவ அப்புறம் போகவே இல்ல. கட்டி அப்படியே இருக்கு.”

“சே! அவனெல்லாம் ஒரு மனுஷனா?”

“பெருமையிலதான் காட்டினாராம்.”

“இதுல என்ன பெருமை?”

ஓல்ஃபா தலையைக் குனிந்துகொண்டாள். “‘பாரும்மா, நான் செஞ்ச ஆப் எப்படி வேலை செய்யுது’ன்னு சொன்னாராம், ஹாதெம் சார்.”

மனைவி அந்தக் கட்டியைப் பற்றி மறுபடி பேசாததால், குணமாகிவிட்டது என்றே ஹாதெம் நினைத்திருந்தான்.