அழிக்கக் கூடாத பேர்

"சார், இவரு செத்துட்டாருன்னு நீங்க கல்லுல வெட்டி வச்சிருக்கீங்க. அதைக் கொஞ்சம் அழிச்சுக் குடுங்க."

அந்த அம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். 'செத்தவர்', அவள் புருஷன், உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

சுதந்திரப் போரில் தாங்களாகவே போய்ச் சேர்ந்து உயிரை விட்ட தொண்டர்களின் நினைவிடம் இது. நான் இங்கே குமாஸ்தா. ஆளுக்கொரு கல்லறை, கல்லறைக்கொரு பேர்.

"இத்தனை வருஷமா என்னம்மா பண்ணீங்க?"

"கேட்டா சிரிச்சே மழுப்பிடுவாரு சார். இப்போ நெஞ்சுல ஆபரேஷன். தொண்டர் ஆஸ்பத்திரியில, செத்தவருக்குப் படுக்கை கிடையாதுங்கறாங்க. வெளியில பண்ண எங்களுக்கு வக்கில்ல. ஒரு மாசம்தான் தாங்கும்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

படிவத்தை நீட்டினேன். "கையெழுத்துப் போடுங்க பெரியவரே."

"வேணாம் சார். பேரு அப்படியே இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருமைக்கு எருமை மேய்க்கிற ஆள்! கல்லில் பேர் இருந்தால் போதும், கட்டினவள் நடுத்தெருவில் நின்றால் என்ன?

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவர வராந்தாவுக்குப் போனாள்.

"ஏன்யா, உமக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பேரை எடுத்தா, குழியில இருக்கிறவனை என்ன பண்ணுவீங்க?"

"தோண்டிப் பார்த்து யாருன்னு விசாரிப்போம். அதான் சட்டம்."

"தோண்டினா தெரிஞ்சுடும் சார். முதுகுல எங்க படையோட குண்டுதான் இருக்கும். சண்டைக்குப் பயந்து ஓடினான், எங்க ஆளுங்களே சுட்டுட்டாங்க. ஓடினவன் கழுத்துல இருக்கிற பேர்ப்பட்டையை அறுத்துடுவாங்க. பட்டை இல்லாதவனுக்குக் குழி கிடையாது, நாய் நரிக்குத்தான். எனக்கு மனசு கேக்கல. என் பட்டையைக் கழட்டி அவன் கழுத்துல மாட்டிட்டேன்."

"எவனோ ஒரு கோழைக்காக உசிரை விடப் போறீரா?"

"எவனோ இல்ல சார், இவ கூடப் பிறந்த தம்பி. தாயில்லாப் பிள்ளைன்னு இவதான் இடுப்புல தூக்கி வளர்த்தா. கப்பலேறி எங்கயோ பிழைச்சுக்கிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னும் நம்பிக்கிட்டிருக்கா."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

தம்ளரோடு வந்த அந்த அம்மா, மேஜைமேல் கிடந்த வெறும் படிவத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சார்? என் மேல துளி பாசம் இருந்தா, இந்த ஒரு கையெழுத்தைப் போட மாட்டாரா?"