ஒவ்வொரு கல்லும்

"இதைவிட விறைப்பா வேற ஸ்பிரிங் கிடையாதாண்ணே?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மேஜையில் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

வாசலில் அவளுடைய ஜீப் நின்றது. வழக்கத்தைவிட நாலு இஞ்ச் தூக்கிக் கட்டிய வண்டி. யாரோ அரைகுறையாகச் செய்த வேலை. பின்பக்கம் ஒரு ஸ்பிரிங்கில் விரிசல் விட்டிருந்தது. வளைவில் திருப்பினால் படகு மாதிரி ஆடுகிறது என்று அவளே சொன்னாள்.

"மலைப்பாதைக்குத்தானே தங்கச்சி? அதுக்கு விறைப்பு ஆகாது. கல்லு மேல ஏறினா டயர் குதிக்கும், தரையைப் பிடிக்காது. இதோ, இதைப் பாருங்க. நீளமான ஸ்பிரிங், கூடவே குலுக்கலைத் தாங்குற கேஸ் ஷாக். மெத்தையில உக்காந்த மாதிரி போகலாம்."

"மெத்தை வேணாம்ணே. எங்க வீட்டுக்காரர் கண்டிப்பாச் சொல்லி அனுப்பியிருக்கார். கீழ கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தெரியணுமாம்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. இந்த ரகத்து ஆட்களை அவருக்கு நன்றாகவே தெரியும். எலும்பு நொறுங்கக் குலுங்கினால்தான் வீரம் என்று நினைப்பவர்கள். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவள் எதைப் பிடித்துக்கொள்வாள்?

"வாராவாரம் போவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாது. அவருக்கு அது இல்லேன்னா வாரமே ஓடாது."

"இடுப்பு வலி வரலையா உங்களுக்கு?"

"வருது. வந்தா வரட்டும்" என்றாள், கொஞ்சம் வெட்கத்துடன். "அண்ணே, அவருக்கு என்னன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தங்கச்சி." மெக்கானிக் கையை உயர்த்தித் தடுத்தார். "நீங்க அவருக்காகத்தான் பேசுவீங்க. என் வீட்டுலயும் அப்படித்தான். நான் நல்லதை மாட்டி வைக்கிறேன். நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. ஒரு ரவுண்டு வரட்டும். பிடிக்கலேன்னா நானே கழட்டிட்டு, விறைப்பானதைப் போட்டுத் தர்றேன். கூலி வேணாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி, அவரே வந்து சொல்லட்டும்" என்று கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை வரை மெக்கானிக் அந்த ஜீப்புக்கு அடியிலேயே கிடந்தார். யாருக்கும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. முகம் தெரியாத ஒரு மனிதனுக்குப் புத்தி புகட்டுகிற ஆவேசம் கையில் இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் கைகழுவிவிட்டு வருவதற்குள் கணவர் வண்டியில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், நல்ல உயரம். பின்னால் கூடாரமும் சமையல் சாமான்களும் அடைத்துக் கிடந்ததால் அவள் கடையிலேயே நின்றுகொண்டாள்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார்."

"இல்லைங்க, நீங்க ஓட்டுங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

சோதிக்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். சோதிக்கட்டும்.

தார்ச்சாலையை விட்டு, கல்லுடைக்கும் இடத்துக்குப் போகும் பாதையில் வண்டியை இறக்கினார். தேங்காய் அளவுக் கற்கள். அதற்கப்பால் தண்ணீர் வற்றிய ஓடை. ஜீப் குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மெக்கானிக்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எப்படி சார்? ஏதாவது தெரியுதா?"

"தார் ரோடு முடியலையா இன்னும்?"

"அப்படிக் கேளுங்க!" மெக்கானிக் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "கல்லுப் பாதைக்கு வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு சார்!"

கணவர் சிரிக்கவில்லை. ஒரு கையால் சீட்டின் விளிம்பைத் தடவினார். கால்களைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டார். மெல்ல அவர் முகம் சுண்டிப்போனது.

"போதுங்க. திருப்பிடுங்க."

"ஏன் சார், பிடிக்கலையா?"

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அருமையா செஞ்சிருக்கீங்க. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியல. வீட்டு நாற்காலியில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. அங்கேதான் வாரம் பூரா உக்காந்திருக்கேனே."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. நல்லதைச் செய்தால் இதுதான் பலன். வண்டியைத் திருப்பினார். கடை வாசலில் நிறுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

"தங்கச்சி, நீங்க சொன்னபடியே விறைப்பானதை மாட்டித் தர்றேன். ஆனா ஒண்ணு. ஓட்டுறவரோட ஆசைக்கு நீங்க ஏன் இடுப்பு ஒடியணும்? அதை மட்டும் அவரைக் கேளுங்க."

அவள் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தாள். "வண்டி இப்ப இன்னும் உசரமா இருக்குங்க, காலை நல்லாக் கீழ விடுங்க" என்று சொல்லி, கணவரின் கையை எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டாள்.

"நேத்தே சொல்ல வந்தேன், நீங்க விடலண்ணே. இவருக்குப் பார்வை போய் நாலு வருஷம் ஆச்சு. ஓட்டுறது நான்தான், மலையை இவருக்குக் காட்டுறது அந்த விறைப்பான ஸ்பிரிங்தான்."