வெள்ளைப் பால் பூ

"இன்னொரு தடவை கழுவு."

கினுயோ மிஹாருவின் பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே திரும்ப நீட்டினாள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டியும் பிரஷ்ஷுமாக அவள் நின்றால் யாரும் தப்ப முடியாது. அடிப்பள்ளத்தில் கசகசாவைவிடச் சிறிய விதை ஒன்று ஒட்டியிருந்தாலும் போதும், அது மேலே போய் முளைத்துவிடும்.

"பல்கலைக்கழகத்துல பூவைப் பத்தியெல்லாம் சொல்லித் தர்றாங்க. பூட்ஸ் கழுவத்தான் சொல்லித் தரல போல."

மிஹாரு சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்து தேய்த்தாள்.

ஹொக்கைடோவுக்கு வடக்கே கடலில் தனியாகக் கிடக்கும் தீவு அது. அதன் மலையில் மட்டும் மஞ்சள் பாப்பி ஒன்று காட்டுப்பூவாகப் பூக்கிறது. அச்சு அசலாக அதே போன்ற இன்னொரு பாப்பி எப்போதோ கப்பலில் வந்து, கீழே எல்லார் வீட்டுத் தோட்டத்திலும் பூக்கிறது. கண்ணால் பிரித்தறிய முடியாது. காம்பைக் கிள்ளினால் மலைப்பூவில் வெள்ளைப் பால் வடியும், தோட்டத்துப் பூவில் மஞ்சள் பால்.

இந்தக் கோடை முழுவதும் மிஹாரு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சரிவு சரிவாகப் போய்க் கிள்ளிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் மஞ்சள். தோட்டத்துப் பூ ஏறி வந்து மலைப்பூவை விழுங்கியிருந்தது.

மிச்சமிருந்தது வடக்குச் சரிவு. அங்கேயும் வெள்ளைப் பால் இல்லையென்றால், அந்தப் பூ இனி உலகத்தில் எங்கும் இல்லை.

கினுயோவின் மகன் ஷிங்கோ மலைக்காவலனாக இருந்தான். அந்தச் சரிவில் பூக்களைப் பார்க்கப் போனவன்மேல் கல் சரிந்தது. அதன்பிறகு அங்கே கயிறு கட்டி வழியை மூடிவிட்டார்கள். அவன் தாய்க்கு மட்டும் போய்வர அனுமதி. அவன் விட்டுப்போன பிரஷ்ஷையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஏறும் வழியில் உட்கார்ந்து சோற்று உருண்டையைப் பிட்டுத் தின்றார்கள். தீவில் எல்லாரும் தோட்டத்துப் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன என்று மிஹாரு கேட்டாள். கினுயோவுக்கு அது பிடிக்கவில்லை.

"கீழ இருக்கிறவரைக்கும் அதுவும் பூதாம்மா. கால்ல ஒட்டிக்கிட்டு மேல வந்தாத்தான் களை."

கயிற்றைத் தாண்டியபோது மூடுபனி கொஞ்சம் விலகியது. சரிவின் நடுவே மஞ்சள் தெரிந்தது. மிஹாரு ஓடினாள். கற்கள் காலுக்கடியில் நழுவுவதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"பாத்தியா? என் பையன் பாத்துக்கறான்" என்றாள் கினுயோ, மூச்சு வாங்க.

ஒரு கறுப்புப் பாறை. அதை ஒட்டித்தான் ஷிங்கோவைக் கண்டெடுத்தார்கள். அதைச் சுற்றிப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மற்ற சரிவுகளில் பாப்பி இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் கற்களுக்கிடையே எட்டிப் பார்க்கும். இப்படிக் கூட்டமாக மிஹாரு எங்கேயும் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

மண்டியிட்டு ஒரு காம்பைக் கிள்ளினாள்.

மஞ்சள்.

பக்கத்துச் செடியைக் கிள்ளினாள். அதற்கடுத்ததை. பாறையின் மறுபக்கம் தவழ்ந்து போனாள். ஓரத்தில் தனியாக நின்றவற்றையும் விடவில்லை. விரல் நுனியெல்லாம் மஞ்சள் ஒட்டிப் பிசுபிசுத்தது.

அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த கினுயோ, ஏதாவது ஒன்றாவது வெள்ளையாக இருக்கும், நிதானமாகத் தேடு என்றாள். மிஹாரு தேடினாள். பனி திரும்ப இறங்கிப் பூக்களை மறைக்கும்வரை தேடினாள். ஒன்றுகூட இல்லை.

கயிற்றைத் தாண்டி வேறு யாராவது வந்தார்களா என்று மிஹாரு கேட்டாள். கினுயோ இல்லையென்று தலையாட்டினாள். பிறகு உட்கார்ந்து, தன் பூட்ஸ் இரண்டையும் கழற்றி, அடிப்பள்ளங்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒரு பொட்டு மண்கூட இல்லை.

"எவனோ கழுவாம வந்திருக்கான். என் கண்ணுல மாட்டல" என்றாள். ஒரு பூ இல்லாமல் போவதற்குச் சத்தமே இருக்காது என்று இதுவரை மிஹாரு நினைத்துப் பார்த்ததில்லை.

கினுயோ வெறுங்காலோடு எழுந்து போய், பாறையைக் கன்னம்போல வருடினாள்.

"அழாதடா ஷிங்கோ, எப்பவும்போல உன் நினைவு நாளுக்கு நம்ம தோட்டத்துப் பூவையே பறிச்சிட்டு வந்து இங்க வைக்கிறேன்."