அக்கா பேசும் வேகம்

வெளிநாட்டு ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். இஸ்திரி போடுகிறவன், சூடு ஆறாத படுக்கை விரிப்புகளின் குவியலில் சாய்ந்தபடி செல்போனைக் காதருகே பிடித்திருக்கிறான். ஊரிலிருந்து அக்கா கடைசியாகப் பேசி அனுப்பிய குரல் செய்தி ஓடுகிறது. போன வாரம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். முகம் பார்க்கப் போக இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் அனுப்புவதையெல்லாம் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதுதான் இவன் வழக்கம். "என்னப்பா, உங்கக்கா பஸ்ஸைத் துரத்திக்கிட்டே பேசறாங்களா?" என்று துணி மடிக்கும் மீசை அண்ணன் கிண்டல் செய்வார். இன்று அவர் கடகடவென்று சுற்றும் டிரையரை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார். இவன் முதல்முறையாக அக்காவை அவள் வேகத்திலேயே பேசவிடுகிறான். "சாப்பிட்டியாடா தம்பி?" என்கிறாள். பிறகு ஒரு மூச்சு. "மாடிக்குத் துணி எடுக்க வந்தேன்." இன்னொரு மூச்சு, பாரமான எதையோ நெஞ்சுக்குள்ளே இழுத்து வருவதைப்போல. வேகமாகக் கேட்டபோது இந்த மூச்சுகள் அவன் காதில் விழவே இல்லை. வளையல் படிக்கட்டுக் கம்பியில் உரசுகிறது. படியிலேயே உட்காருகிறாள் போலிருக்கிறது. சலவைக்கூட ஜன்னல் வெயிலில் நீராவி மெல்லச் சுருள்கிறது. "ஒண்ணுமில்லடா, சும்மாதான். உனக்கு வேலை கிடக்கும். அப்புறமா பேசறேன்." "இல்லக்கா," என்கிறான் அவன், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. "எனக்கு வேலையே இல்ல. நீ மெதுவா பேசு."