எங்கள் வம்சத்திலேயே கிடையாது

"பனிக்காலம் தொடங்குகிறது. உங்கள் மகளை ஆஸ்துமா பரிசோதனைக்கு அழைத்து வரவும்."

குடும்ப டாக்டரின் கிளினிக்கிலிருந்து வந்த இந்தச் செய்தியைக் கைபேசியில் படித்ததும் வக்கீலுக்குச் சுருக்கென்றது. நேரே அங்கே போய் நின்றார்.

"என் பொண்ணு பேரை உங்க பட்டியல்ல இருந்து எடுத்துடும்மா. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மாசம் ஆச்சு."

"அப்ப மாப்பிள்ளை வீட்டு நம்பர் குடுங்க சார், அங்கயே அனுப்பிடறேன்," என்றாள் நர்ஸ்.

"நல்லா இருக்கே. எங்க வம்சத்துல தலைவலிகூடக் கிடையாதுன்னு சம்பந்திகிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த மனுஷன் என்னைவிட ரோஷக்காரர்."

"பனியில மூச்சு இழுத்துச்சுன்னா? இன்ஹேலராவது கையில வச்சிருக்காங்களா?"

"அதை நான்தான் வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு குளிர்காலத்தைச் சமாளிக்க மாட்டாளா என் பொண்ணு?"

நர்ஸ் பட்டியலில் இருந்த பெயரைக் கோடு போட்டு அடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, பனி விலகாத ஒரு காலையில் மகள் இறந்துபோனாள். வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். கடைக்குப் போன மாமியார் திரும்பி வந்தபோது படுக்கையறையில் விழுந்து கிடந்தாளாம். ஆஸ்துமா என்றார் பார்த்த டாக்டர்.

வக்கீல் போனபோது சம்பந்தி தலை நிமிரவில்லை. மாப்பிள்ளைதான் எழுந்து வந்தான்.

"அவ ஒரு வார்த்தை சொல்லலையே மாமா."

"நான்தான் சொல்லாதேன்னேன்." வக்கீலின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அவ விழுந்து கிடந்தது என் அலமாரிப் பக்கத்துலதான். உள்ள, சட்டைக்கு அடியில, என் இன்ஹேலர் இருந்துச்சு. எனக்கும் சின்ன வயசுல இருந்து ஆஸ்துமா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பாதான் ஒளிச்சு வைக்கச் சொன்னாரு."